சூடும் சேர்ந்த வாடகை

அருமைராசாவை அந்தப் பெயரால் அறிந்தவர்கள் மொன்றியலில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். கோட்-டெ-நெய்ஜ் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்கு அவர் ‘ஹைட்ரோ அண்ணை’. அந்த ஊரில் மின்சாரத்துக்கு ஹைட்ரோ என்றுதான் பேச்சு. ஹைட்ரோ பில் வந்தால் அதைப் பிரித்துப் பார்த்து, பிரெஞ்சில் எழுதியிருப்பது விளங்காமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நேரே அவருடைய இரண்டாம் மாடி வீட்டுக்கு வருவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, தேத்தண்ணிக் கெற்றிலை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் பில்லைத் தொடுவார்.

ஊரில் அவர் மின்சார சபையில் மீற்றர் வாசித்தவர். தொண்ணூறாம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் அடியோடு நின்றுபோனது. கரண்டே இல்லாத ஊரில் மீற்றர் வாசிக்கிறவனுக்கு என்ன வேலை? அடுத்த வருடமே கனடா வந்து சேர்ந்தார். அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்புக்கு ஒரு நாளும் தவறாமல் போனார். பல்கலைக்கழகக் கட்டடத்தில் விடியப்புறம் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. இரண்டு தங்கச்சிமாரையும் கரைசேர்த்தார். ஒருத்தி நோர்வே, மற்றவள் ரொறன்ரோ. அவர்களைக் கரைசேர்த்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பெண் பார்க்க ஆளும் இல்லை, பார்க்கச் சொல்ல அவருக்கு வாயும் இல்லை. தங்கச்சிமார் வருடப்பிறப்புக்கு மறக்காமல் போன் எடுப்பார்கள்.

ரொறன்ரோத் தங்கச்சி ஒருமுறை போனில் அழாக்குறையாகச் சொன்னாள். கழுத்துப்பட்டி கட்டின பெடியன் ஒருவன் கதவைத் தட்டி, ஐந்து வருடத்துக்குக் கரண்டுக்கு ஒரே விலை என்று கையெழுத்து வாங்கிப் போய்விட்டானாம். இப்போது பக்கத்து வீட்டுக்காரியைவிட அவளுக்குக் கூடுதலாக வருகிறதாம். மொன்றியல் இருக்கும் கியூபெக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே கொம்பனி, ஒரே விலைப்பட்டியல். ஆனால் தெரிவு செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்தவர்கள்தான் அருமைராசாவிடம் ஓடி வருவார்கள்.

உருத்திரமூர்த்தியின் கதை அப்படித்தான். வருடம் முழுவதும் ஆகும் செலவைக் கொம்பனியே கணித்து, பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து மாதாமாதம் கட்டவைக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. குளிர்காலத்தில் பெரிய பில் வந்து மாரடைப்பு வராமல் இருப்பதற்கான ஏற்பாடு. உருத்திரமூர்த்தி அதை பஸ் பாஸ் மாதிரி விளங்கிக்கொண்டார். மாதம் ஒரே காசு கட்டினால் எவ்வளவும் பாவிக்கலாமாம்! மனிதர் மாரிக் குளிர் முழுக்க ஹீற்றரை இருபத்தாறில் விட்டுவிட்டு, வேர்க்கிறது என்று ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார். வருட முடிவில் மிச்சக் கணக்கெல்லாம் ஒரே பில்லாக வந்தபோது, கொம்பனி தன்னை ஏமாற்றிவிட்டது என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். இன்னும் நாலு வீட்டில் இதே கூத்து நடந்ததென்று அருமைராசாவுக்குத் தெரியும். ஒருவர் சொல்லி ஒருவர் நம்பின விசயம்.

அருமைராசா யாரிடமும் ஒரு சதம் வாங்குவதில்லை. ஆனால் எந்தப் பில்லையும் ஒரே இருப்பில் முடித்துக் கொடுத்ததாகச் சரித்திரமும் இல்லை. “அடுத்த பில் வரட்டும். ரெண்டையும் வைச்சு ஒப்பிட்டுப் பாப்பம்” என்பார். பத்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விசயம்தான், அவருக்கே தெரியும். அடுத்த முறையும் ஆள் வரவேண்டும், தேத்தண்ணி குடிக்கவேண்டும், பிஸ்கட் பெட்டியைத் திறக்க ஒரு காரணம் வேண்டும். அவ்வளவுதான். இதைக் கள்ளம் என்று சொன்னால் சொல்லுங்கள். பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, மறுநாள் விடியப்புறம் வரை ஒரு சொல் பேசாமல் இருந்து பார்த்தவர்கள் சொல்லட்டும்.

வந்துபோகிற எல்லாரிலும் கௌரியின் குடும்பம்தான் அவருக்கு நெருக்கம். சரியாக அவருடைய தலைக்கு மேலே, மூன்றாம் மாடி மூலை வீடு. கௌரி ஒரு குழந்தைகள் காப்பகத்தில், அங்கே எல்லாரும் ‘கார்டெரி’ என்பார்கள், சமையலறையில் வேலை செய்தாள். புருஷன் யோகேந்திரன் அமெரிக்காவுக்குப் பெரிய லொறி ஓட்டுகிறவன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து, படுத்தெழும்பிப் போய்விடுவான். ஒரே பிள்ளை ரக்ஷனாவுக்கு ஏழு வயது. கௌரி பில்லுக்காக மட்டும் வருகிறவள் அல்ல. ஞாயிறு பின்னேரங்களில் புட்டோ இடியப்பமோ ஒரு கோப்பையில் மூடிக்கொண்டு வந்து, “அண்ணை, சூடாறுறதுக்குள்ள சாப்பிடுங்கோ” என்று வைத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டுப் போவாள். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக அருமைராசா சனிக்கிழமையே வீடு கூட்டுவார்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்ச் மாதம், அப்படியொரு ஞாயிறில்தான் கௌரி அந்தக் கதையை எடுத்தாள்.

“அண்ணை, நாங்கள் வீடு மாறுவமோ எண்டு யோசிக்கிறம். கார்ட்டியர்வில்லில ஒரு நாலரை இருக்கு. சூடும் சுடுதண்ணியும் வாடகைக்குள்ளயாம். இவர் சொல்றார், அண்ணையிட்டைக் கேள், அவர் என்ன சொல்றாரோ அதைச் செய்வம் எண்டு.”

நாலரை என்றால் நாலு அறை. குளியலறையை அரை அறையாகக் கணக்கெடுக்கும் ஊர் அது. வீட்டு விளம்பரங்களில் இரண்டு வகை உண்டு. சூடு வாடகையோடு சேர்ந்தது ஒன்று, சேராதது மற்றது. சேராத வீட்டில் சுவரடியில் ஓடும் மின்சார ஹீற்றருக்கு நீங்கள்தான் கட்டவேண்டும். கௌரி இருந்தது அந்த வகை. அதுவும் மேல்மாடி, மூலை, இரண்டு பக்கமும் வெளிச்சுவர். எது லாபம் என்பது வாடகையை மட்டும் பார்த்தால் தெரியாது. வாடகையோடு கரண்டையும் கூட்டிப் பார்க்கவேண்டும். அதற்குத்தான் ஹைட்ரோ அண்ணை.

“ஓம், பாப்பம்” என்றார் அருமைராசா. கையில் இருந்த தேத்தண்ணி திடீரென்று ருசிக்கவில்லை. “விலாசத்தைத் தந்திட்டுப் போ.”

கொம்பனிக்குப் போன் எடுத்து ஒரு விலாசத்தைச் சொன்னால், அந்த வீட்டில் போன வருடம் சராசரியாக மாதம் எவ்வளவு வந்தது என்று சொல்லுவார்கள். இது எத்தனையோ பேருக்குத் தெரியாத விசயம். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததுமே அவர் கேட்டுவிட்டார். மறுமுனையில் இருந்த பெண் நல்ல மரியாதைக்காரி. முப்பத்தொரு டொலர் என்றாள். விளக்கும் அடுப்பும் மட்டும்தானே. அவர் சதுரக் கோடு போட்ட கொப்பித் தாளில் வழக்கம்போல இரண்டு பத்தி கீறினார். இடது பக்கம் இந்த வீடு: வாடகை ஐந்நூற்றறுபது, ஹைட்ரோ நூற்றெட்டு. வலது பக்கம் அந்த வீடு: வாடகை அறுநூறு, ஹைட்ரோ முப்பத்தொன்று. கூட்டுவதற்கு முன்னமே விடை தெரிந்தது. மாதம் முப்பத்தேழு டொலர் மிச்சம். அதோடு, சூட்டை எவ்வளவு கூட்டினாலும் கேட்க ஆளில்லை.

தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். செவ்வாய், புதன், வியாழன் என்று போனது. மேலே நடக்கிற சத்தம் கேட்டால், இது கௌரி, இது பிள்ளை என்று அவரால் சொல்ல முடியும். பிள்ளை நடப்பதில்லை, எப்போதும் ஓட்டம்தான். வேறு வீட்டுக்காரர் என்றால் கீழே இருந்து தடியால் இடித்திருப்பார்கள். அவருக்கோ அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் நித்திரை வராது. போன கோடையில் அவர்கள் ஒரு கிழமை ரொறன்ரோ போயிருந்தபோது, நிலவறையில் எல்லா வீட்டு மீற்றரும் வரிசையாக இருக்கிற இடத்துக்குப் போய் அவர்களுடைய மீற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிரிட்ஜுக்கு மட்டும் மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. இதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் விசர் என்பார்கள்.

ஞாயிறு மூன்று மணிக்குத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். பேனாவைத் திறந்தார். முப்பத்தொன்றில் இருந்த மூன்றின் இடது பக்கத்தை மூடினார். அவ்வளவுதான் வேலை. எண்பத்தொன்று. பிறகு கீழே கூட்டி, இங்கே அறுநூற்றறுபத்தெட்டு, அங்கே அறுநூற்றெண்பத்தொன்று என்று துப்புரவாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

புட்டோடு வந்த கௌரி தாளைப் பார்த்தாள். “அங்க பதின்மூண்டு டொலர் கூடவோ? சூடு வாடகைக்குள்ள எண்டு சொன்னாங்களே அண்ணை.”

“பேருக்குத்தான் அது. வீட்டுக்காரன் பொயிலரைக் குறைச்சு வைச்சிடுவான். நீங்கள் பேந்து சின்ன ஹீற்றர் வாங்கிக் கொழுவ வேணும். முந்தி இருந்த ஆக்களுக்கும் அதாலதான் எண்பத்தொண்டு வந்திருக்கு.”

பொய்க்கு வேண்டிய விளக்கமெல்லாம் எவ்வளவு இலகுவாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். கௌரி தாளை மடித்தாள். அந்த வீட்டில் ஆசைப்பட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சிரித்தாள். “அப்ப இருப்பம். நல்லகாலம் உங்களைக் கேட்டது. இல்லாட்டிப் போய் மாட்டுப்பட்டிருப்பம்.”

அன்றிரவு அவள் கொண்டுவந்த புட்டை ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டார். சந்தோசமாகத்தான் சாப்பிட்டார். அதை மறைத்து என்ன?

ஜூலை முதலாம் தேதி மொன்றியலில் பாதி ஊர் வீடு மாறும். தெருவெல்லாம் லொறி, படிக்கட்டெல்லாம் மெத்தை. அருமைராசா பல்கணியில் கதிரை போட்டு இருந்து, மற்றவர்கள் பிரிட்ஜைக் கட்டி இறக்குவதை வேடிக்கை பார்த்தார். அவருடைய தலைக்கு மேலே பிள்ளை ஓடித் திரிந்தது. அந்த வருடத்தில் அவருக்கு நல்ல நாள் என்றால் அதுதான்.

ஒக்டோபர் கடைசியில் குளிர் இறங்கியது. ஆறு வருடமாக ஏறாமல் நின்ற மின்சார விலை அந்த வருடம்தான் ஏறத் தொடங்கியிருந்தது. டிசெம்பரில் கௌரி பில்லைக் கொண்டுவந்தாள்.

“அண்ணை, இஞ்சை இவ்வளவு எண்டா, அங்க போயிருந்தா என்ன பாடு! நீங்கள் சொன்ன மாதிரி ஆளில்லாத அறையளில எல்லாம் ஹீற்றரைக் குறைச்சு விட்டிருக்கிறன்.”

அவர் பில்லை வாங்கிப் பார்த்தார். எழுத்து கண்ணில் ஏறவில்லை. “அடுத்த பில் வரட்டும், ஒப்பிட்டுப் பாப்பம்” என்று வழக்கமாகச் சொல்வதையும் சொல்லவில்லை. தேத்தண்ணி போடவும் இல்லை. அவளும் அதிக நேரம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மேலதிக வேலை கேட்டு வாங்கினார். வேலை இல்லாத ஞாயிறில், படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் விளக்கை நூர்த்துவிட்டுக் குசினிக்குள் அசையாமல் நின்றார். கதவு இரண்டு தரம் தட்டப்படும். “அண்ணை, நிக்கிறியளோ?” என்ற குரல் வரும். பிறகு செருப்புச் சத்தம் மேலே ஏறும். கோப்பை வாசலில் இருக்கும். ஆறின சாப்பாட்டை நின்றபடியே தின்றுவிட்டு, கோப்பையைக் கழுவி, அவர்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து மேல்மாடிக் கதவடியில் வைத்துவிட்டு வருவார். யார் போய்விடக்கூடாதென்று பொய் சொன்னாரோ, அவர்களுக்கே அவரால் கதவு திறக்க முடியவில்லை. இதைப்போல ஒரு முட்டாள்தனம் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியும் கதவைத் திறக்கவில்லை.

ஜனவரி நடுவில் குளிர் சைபருக்குக் கீழே இருபத்தெட்டுக்குப் போனது. வேலை முடிந்து வந்தவர், கீழே தபால் பெட்டியடியில் ரக்ஷனாவையும் கௌரியையும் நேருக்கு நேர் சந்தித்துவிட்டார். ஒளிக்க இடமில்லை. குளிருக்குப் பள்ளிக்கூடம் அரைநாளில் விட்டுவிட்டார்களாம். பிள்ளையின் தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி.

“வடிவான தொப்பி” என்றார், ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காக.

“அங்கிள், நான் இதோடதான் படுக்கிறனான்!” என்றது பிள்ளை, பெரிய கெட்டித்தனம் போல. “என்ட அறை ஜன்னலில உள்ளுக்கும் ஐஸ். நான் அதில பேர் எழுதினனான்.”

“அவளின்ட அறை மூலையெல்லே அண்ணை, அதாலதான்” என்று கௌரி அவசரமாகச் சொன்னாள். “படுக்கிற நேரம் மட்டும் கொஞ்சம் போட்டுவிடுறன். ரெண்டு போர்வையும் இருக்கு.” பில்லைக் குறைக்கச் சொன்னவருக்கு முன்னால், குறைக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கக்கூடாது என்பது போல இருந்தது அவள் பேச்சு.

அருமைராசா வீட்டுக்குள் போய், பூட்ஸைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். ஒரு மணித்தியாலம் இருந்திருப்பார். பனி உருகி நிலமெல்லாம் தண்ணீர். பிறகு எழுந்து மேலே போனார். அவர்கள் வீட்டில் இருக்கும்போது, யாரும் கூப்பிடாமல் அந்தப் படியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை.

கௌரி கதவைத் திறந்து, “வாங்கோ அண்ணை” என்று முகம் மலர்ந்தாள். அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். பிள்ளை தொலைக்காட்சியில் பிரெஞ்சுக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டே சொன்னார்.

“கௌரி, போன வருசம் நான் எழுதித் தந்த கணக்குப் பிழை.”

“என்ன கணக்கு?”

“கார்ட்டியர்வில் வீடு. எண்பத்தொண்டு இல்லை. முப்பத்தொண்டு.”

“ஐயோ, அதுக்கென்ன அண்ணை, ஆருக்கும் பிழைக்கிறதுதானே.”

“பிழைக்கேல்லை. நான் மாத்தி எழுதினனான். தெரிஞ்சுதான் மாத்தினனான்.”

கௌரிக்கு அது உடனே ஏறவில்லை. ஏறியபோது அவளுடைய கை தானாகவே தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டியது, பிள்ளைக்குக் கேட்கக்கூடாதென்று. “ஏன் அண்ணை?” என்றாள், மிகவும் மெதுவாக.

கீழே இருந்தபோது இரண்டு மூன்று காரணம் யோசித்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, “நீங்கள் போனா எனக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லை” என்றார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். நேரே பிள்ளையின் அறைக்குப் போனாள். சுவரில் இருந்த குமிழைத் திருப்புகிற சத்தம் கேட்டது. ஹீற்றர் தகரம் சூடேறித் தட்டத் தொடங்கியது. அவள் திரும்பி வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, அவரைப் பார்க்காமல் பேசினாள்.

“வீட்டுக்காரனுக்கு எப்ப அறிவிக்கோணும்?”

“மார்ச் முப்பத்தொண்டுக்கு முன்னம். மூண்டு மாத நோட்டீஸ். எழுத்தில குடுக்கோணும். பிந்தினா ஒப்பந்தம் இன்னொரு வருசம் கட்டிப்போடும்.” சட்டம் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் வழக்கம்போல் இருந்தது. “புது வீடு பாத்தியளெண்டா விலாசத்தைத் தா, நான் ஹைட்ரோவுக்குப் போன் அடிச்சு...”

“வேண்டாம் அண்ணை. அதை நானே அடிச்சுக் கேக்கிறன்.”

அவர் தலையாட்டினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகவும் முடியவில்லை.

“ஆனா கடிதம்...” என்றாள் கௌரி. “எனக்கும் இவருக்கும் பிரெஞ்சில எழுத வராது.”

“நான் எழுதித் தாறன்.”

பெப்ரவரி கடைசியில் அவர்களுக்கு அஹுன்ட்சிக் பக்கம் ஒரு வீடு பொருந்தியது. சூடு, சுடுதண்ணி எல்லாம் சேர்ந்தது. கடிதத்துக்கு வேண்டிய விபரங்களை யோகேந்திரன்தான் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்து தந்தான். அவனுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று அருமைராசா கேட்கவில்லை. “தாங்க்ஸ் அண்ணை” என்று சொல்லிவிட்டு அவன் வாசலிலேயே நின்று திரும்பிப் போனான்.

அருமைராசா அந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதினார். முதல் தாளில் ஒரு எழுத்து அழிந்திருந்தது, இரண்டாவதில் திகதி கொஞ்சம் சரிந்திருந்தது. ஒப்பந்தத்தை நாங்கள் புதுப்பிக்கவில்லை, ஜூன் முப்பதாம் தேதி வீட்டை விட்டு வெளியேறுகிறோம் என்று இரண்டே வரி. இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். கௌரி நின்றபடியே போட்டாள், பேனாவைத் திருப்பித் தரும்போது “சாப்பிட்டியளோ?” என்று கேட்டாள். “ஓம்” என்றார். சாப்பிட்டிருக்கவில்லை.

தபால் கந்தோர் ஒரு மருந்துக்கடையின் பின்பக்கத்தில் இருந்தது. வரிசையில் நின்ற நேரம் முழுக்கக் கடித உறையில் இருந்த வீட்டுக்காரனின் விலாசத்தையும் தபால் குறியீட்டையும் துண்டோடு ஒத்துப் பார்த்தார். சாதாரணமாகப் போட்டால் கிடைக்கவில்லை என்று வீட்டுக்காரன் சாதிக்கலாம். பிறகு நாள் தவறிப்போகும், அவர்கள் இன்னும் ஒரு வருடம் அதே வீட்டில் இருக்கவேண்டி வரும். இதெல்லாம் அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

“பதிவுத் தபாலா?” என்று கேட்டாள் முகப்பில் இருந்த பெண். “வாங்கினவரின் கையெழுத்தும் வேணுமென்றால் அதற்கு வேறாகக் கட்டவேண்டும், ஐயா.”

கட்டினார். கட்டிவிட்டும் நகராமல் நின்று, இது கட்டாயம் போய்ச் சேரவேண்டும் என்று பிரெஞ்சில் அவளுக்கு இரண்டு தரம் சொன்னார்.